என் புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறதாம். பக்கம் 143-ஐ மட்டும் நம்பாதீர்கள்

#1 நேரங்காட்டி | மார்ச் 3, காலை 6.40

வணக்கம். இந்தக் களத்தில் படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

31 ஆண்டுகள் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவன் நான். பார்வை மங்கத் தொடங்கியதும் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தெரிந்ததையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினேன். 212 பக்கம். படங்கள் அத்தனையும் கையால் வரைந்தவை. எழுத ஆறு ஆண்டு. வெளியிட ஆள் கிடைக்க மேலும் இரண்டு ஆண்டு.

சென்ற வாரம் மருமகன் தன் கைப்பேசியை நீட்டினார். ஒரு டெலிகிராம் சேனல். அதில் என் புத்தகம் பிடிஎஃப் ஆக, முழுதாக. கீழே வரிசையாக நன்றிகள். "தங்கமான மனம் உங்களுக்கு" என்று ஒருவர் உருகியிருந்தார். என்னைப் பற்றி அல்ல, பதிவேற்றியவரைப் பற்றி.

பக்கம் 143-ஐத் திருப்பினேன். சாவி கொடுக்கும்போது சுழலும் மேல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் திருகு, பல கடிகாரங்களில் இடதுமரை கொண்டது. மற்றத் திருகுகளுக்கு நேர்மாறாக, அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருக வேண்டும். சிலவற்றில் அடையாளத்துக்காகத் திருகின் தலையில் ஒரு கோட்டுக்குப் பதில் மூன்று கோடு வெட்டியிருப்பார்கள். தட்டச்சில் அது "இடஞ்சுழியாக" என்று விழுந்துவிட்டது. அப்படித் திருகினால் கழலாது, இறுகும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தலை முறிந்து தண்டு உள்ளேயே தங்கிவிடும். அச்சுக்குப் போகும் முன் இதைப் பிடித்துத் திருத்தினேன். அச்சான புத்தகத்தில் சரியாக இருக்கிறது. இந்தப் பிடிஎஃபில் பிழை அப்படியே இருக்கிறது.

ஆக, இது யாரோ வாங்கி ஸ்கேன் செய்த பிரதி அல்ல. திருத்தத்துக்கு முன், கருத்துக் கேட்டு நான்கு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி. நால்வரும் எனக்கு வேண்டியவர்கள்.

என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

#2 மௌனவாசகி | மார்ச் 3, காலை 8.15

படிக்கும்போதே வயிறு எரிகிறது ஐயா. எட்டு ஆண்டு உழைப்பு. இதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

#3 விதைப்பவன் | மார்ச் 3, காலை 9.02

பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் "திருட்டு" என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. உங்கள் கடிகாரத்தை நான் எடுத்துக்கொண்டால் உங்கள் மணிக்கட்டு வெறுமையாகிவிடும். அதை நகலெடுத்தால் இருவர் கையிலும் நேரம் ஓடும். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1985-இல் டௌலிங் வழக்கில், உரிமை மீறலைத் திருட்டோடு அப்படியே சமப்படுத்த முடியாது என்று சொல்லியிருக்கிறது. காப்புரிமைச் சட்டம் என்பது பெரிய நிறுவனங்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட ஒன்று.

தவிர, அதைப் பதிவிறக்கியவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்? நூற்றில் ஒருவர்? மற்ற 99 பேருக்குக் கிடைத்த அறிவை நட்டக் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

(இணையத்தில் கோப்புகளைப் பிறருக்குத் தொடர்ந்து பகிர்ந்துகொண்டிருப்பதை விதைப்பது என்பார்கள். என் புனைப்பெயர் எதைக் குறிக்கிறது என்று புரிந்திருக்கும். நான் எதையும் மறைக்கவில்லை.)

#4 உட்பிரிவு | மார்ச் 3, காலை 10.30

விதைப்பவனுக்கு முதலில் ஒரு சொல் திருத்தம். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. நூலுக்கும் பாட்டுக்கும் இருப்பது பதிப்புரிமை. இந்தக் களத்தில் இதை எழுதியே என் விரல் தேய்ந்துவிட்டது.

இரண்டாவது, டௌலிங் வழக்கைப் பாதியில் மூடிவைத்துவிட்டீர்கள். உரிமை பெறாமல் இசைத்தட்டு அடித்து விற்றவர் அவர். திருட்டுப் பொருளை மாநிலம் கடத்தியதாகச் சுமத்திய குற்றம்தான் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிப்புரிமை மீறலுக்காகக் கிடைத்த தண்டனை அப்படியே நின்றது. "திருட்டு அல்ல" என்பதற்கு "குற்றம் அல்ல" என்று பொருள் இல்லை.

நேரங்காட்டி ஐயா, பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தம் கையில் இருக்கிறதா? உரிமையை எழுதியே கொடுத்துவிட்டீர்களா, அல்லது வெளியிட உரிமம் மட்டும் தந்தீர்களா? எடுத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

#5 நேரங்காட்டி | மார்ச் 3, மதியம் 1.20

ஒப்பந்தத்தைத் தேட வேண்டும்.

தம்பி விதைப்பவன், ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி உண்டு. கேட்டிருப்பாய். அந்தச் சேனலில் நன்றி வாங்கிக்கொண்டவர் கையில் இருந்தது என் நெய். மணிக்கட்டு உவமை நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுது பார்க்க வருகிறவர் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, கூலி கொடுக்காமல் படி இறங்கிவிட்டால் என் கடையிலும் எந்தப் பொருளும் குறைந்திருக்காது.

#6 கணுவலை | மார்ச் 3, மாலை 6.45

ஐயா, ஒரு கெட்ட செய்தி. தேடிப் பார்த்தேன். டெலிகிராமில் மட்டும் இல்லை, 400-க்கும் மேற்பட்ட கைத்தொழில் நூல்களைக் கட்டிவைத்த ஒரு டோரண்ட் மூட்டையிலும் உங்கள் கோப்பு இருக்கிறது. இணைப்பைத் தரமாட்டேன். ஆனால் "அழித்துவிடலாமே" என்று நினைப்பவர்களுக்காக, அது ஏன் நடக்காது என்று சொல்கிறேன்.

2001-இல் பிராம் கோஹன் பிட்டோரண்ட்டை எழுதியபோது அவர் முன் இருந்தது ஒரு பொறியியல் சிக்கல்: பெரிய கோப்பை ஆயிரம் பேர் ஒரே சர்வரில் கேட்டால் சர்வர் திணறும். அவர் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டினார். உனக்குக் கிடைத்த துண்டை எனக்குக் கொடு, எனக்குக் கிடைத்ததை உனக்குத் தருகிறேன். கூட்டத்தில் எந்தத் துண்டு அரிதாக இருக்கிறதோ அதையே முதலில் வாங்கு. கொடுக்காதவனுக்கு வேகம் குறையும். கேட்கிறவர்கள் பெருகப் பெருகக் கிடைப்பதும் எளிதாகும். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை இன்றும் இப்படித்தான் விநியோகிக்கிறார்கள். தொழில்நுட்பத்தில் தவறில்லை.

இதில் பலருக்கும் தெரியாத சங்கதி: பதிவிறக்கும் அந்த நேரத்திலேயே நீங்கள் பதிவேற்றவும் செய்கிறீர்கள். "நான் எடுத்துக்கொண்டேன், பரப்பவில்லை" என்று சொல்ல வழியில்லை. கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) தெரியும். உரிமையாளர் வைத்த ஆளும் அந்தக் கூட்டத்திலேயே சேர்ந்து நின்று குறிப்பெடுக்கலாம்.

அடுத்தது அழிப்பது. ஒவ்வொரு துண்டுக்கும் கணித முறையில் ஒரு கைரேகை உண்டு. மூட்டை முழுவதற்கும் 40 எழுத்தில் ஒரு கைரேகை. அந்த 40 எழுத்து தெரிந்தால் போதும், நடுவில் எந்த இணையதளமும் இல்லாமலே கணினிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். டோரண்ட்களைப் பட்டியலிடும் பைரேட் பே தளத்தின் சர்வர்களைச் சுவீடன் காவல்துறை 2006 மே 31 அன்று அள்ளிக்கொண்டு போனது. சில நாட்களில் தளம் திரும்பிவிட்டது. 2009-இல் நான்கு பேருக்கு ஓராண்டுச் சிறையும் 3 கோடி குரோனர் இழப்பீடும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் மூவருக்குச் சிறைக்காலம் குறைந்தது, இழப்பீடு ஏறியது. தளம் போகவில்லை.

#7 விதைப்பவன் | மார்ச் 3, மாலை 7.10

ஐயா, ஒரு சமரசம். அந்த மூட்டையை விதைப்பவர்களில் நானும் ஒருவன் (பார்த்துவிட்டேன், என் வட்டில் இருக்கிறது). பக்கம் 143-ஐத் திருத்தி நானே போட்டுவிடுகிறேன். பிழையாவது போகும்.

#8 கணுவலை | மார்ச் 3, மாலை 7.18

போகாது. ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை மாறிவிடும். அது வேறு மூட்டை, விதைப்பவர் நீர் ஒருவர் மட்டும். பழைய மூட்டைக்கு இந்தத் திருத்தம் தெரியவே தெரியாது. கோப்பு கெடாமல் காக்க அமைத்த பூட்டு, பிழையையும் சேர்த்துக் காக்கிறது.

#9 வெள்ளிமுள் | மார்ச் 3, இரவு 11.52

இதை எழுதலாமா என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன்.

ஐயா, பக்கம் 143-ஐ நம்பி உடைத்தவன் நான். தாத்தாவின் சாவிக் கடிகாரம். புத்தகத்தில் சொன்னபடி இடஞ்சுழியாகத் திருகினேன். அசையவில்லை. நன்றாக அழுத்தினேன். "டக்" என்று ஒரு சத்தம். தலை தனியாக உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. எழுதியவருக்கு வேலையே தெரியாது என்று அன்றிரவு உங்களைத் திட்டிவிட்டுப் படுத்தேன். மூன்று கோடு வெட்டிய திருகுதான் அது. எல்லாத் திருகுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

#10 நேரங்காட்டி | மார்ச் 4, காலை 5.55

திருட்டுப் பிரதியை வைத்துக் கடிகாரத்தை உடைத்தாய், திட்டையும் என் பேரில் எழுதினாய். நல்லது.

கடிகாரத்தின் அடித்தட்டு மஞ்சள் நிறமா? மஞ்சளாக இருந்தால் பித்தளை, பிழைத்துவிடும். தட்டில் உள்ள மற்ற இரும்பு உதிரிகளை ஒன்று விடாமல் கழற்று. ஒன்று மறந்தாலும் அதுவும் போய்விடும். படிகாரத்தை வெந்நீரில் கரையும் அளவுக்குக் கரைத்து, தட்டை அதில் போட்டுச் சூடு ஆறாமல் வைத்திரு. பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே மாட்டிய எஃகுத் தண்டு குமிழி விட்டுக்கொண்டே கரையும். சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். ஊசியால் குத்தி அவசரப்படாதே, மரை கெட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி உலர்த்து. திருகு புதிதாக வாங்கும்போது இடதுமரை என்று சொல்லி வாங்கு.

இதெல்லாம் பக்கம் 171-இல் இருக்கிறது. அதையாவது படித்திருக்கலாம்.

#11 ஒலித்தடம் | மார்ச் 4, காலை 9.40

இசைக்காரன் என்ற முறையில் என் பங்கு. பாட்டுகளைப் பகிரும் நாப்ஸ்டர் 1999 ஜூனில் வந்தது. பாட்டுக் கோப்பு அவரவர் கணினியில், எது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில். அந்தப் பட்டியல்தான் அதன் கழுத்து. 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கழுத்தைப் பிடித்தது, ஜூலையில் பகிர்வு நின்றது. அடுத்து வந்தவை கழுத்தே இல்லாமல் பிறந்தன. அவற்றில் ஒன்றான கிராக்ஸ்டர் மேல் போட்ட வழக்கில் 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு கோணத்தில் பிடித்தது: மீறச் சொல்லித் தூண்டி வியாபாரம் செய்தாயா, அப்படியானால் பொறுப்பு உன்னுடையது.

இடையில் இசைத்தட்டு நிறுவனங்கள் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2003 முதல் ரசிகர்கள் மேலேயே வழக்குப் போட்டார்கள், ஆயிரக்கணக்கில். 24 பாட்டுகளைப் பகிர்ந்த ஒரு பெண்மணிக்கு முதல் ஜூரி விதித்தது 2,22,000 டாலர். மறுவிசாரணையில் 19,20,000. மூன்றாவது ஜூரி 15 லட்சம். கடைசியில் 2012-இல் மேல்முறையீட்டில் மறுபடி 2,22,000. பாட்டைக் கேட்டவரிடம் இதையெல்லாம் கேட்டார்கள். பாடியவர்களுக்கு அதில் என்ன போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது மாதச் சந்தா வந்து பலரையும் நேர்வழிக்குத் திருப்பியிருக்கிறது. உண்மைதான். ஆனால் என் பாட்டை ஒருவர் நூறு முறை கேட்டாலும் எனக்கு வருவது சில்லறை. திருட்டுப் பிரதிக்காரன் ஒன்றும் தரவில்லை, நேர்வழிக்காரன் ஏறக்குறைய ஒன்றும் தரவில்லை. இதில் யார் மேல் அதிகம் கோபப்படுவது என்று சில நாட்களில் எனக்கே குழப்பம்.

#12 பழையஏடு | மார்ச் 4, காலை 11.05

நூலகத்தில் வேலை பார்த்தவள். விதைப்பவன் பக்கம் சாய்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் கால அளவைப் பற்றி யாராவது பேச வேண்டும்.

இங்கிலாந்தில் 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் புதிய நூலுக்குக் கொடுத்தது 14 ஆண்டு. அப்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. இன்று பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கை கேட்கும் குறைந்த அளவே ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு, பல நாடுகளில் 70. விற்பனைக்குக் கிடைக்கும் நூலுக்கு அது பாதுகாப்பு. அச்சில் இல்லாத நூலுக்கு அது கல்லறை. விற்கவும் மாட்டார்கள், நகலெடுக்கவும் கூடாது. அப்படிப் பூச்சி அரித்துப் போன எத்தனையோ நூல்களை நான் கையால் தொட்டிருக்கிறேன்.

காசு கொடுத்தவர் நிலையும் அப்படியொன்றும் உறுதியில்லை. 2009-இல் அமேசான், விற்கும் உரிமை சரியில்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்து மின்னூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். "வாங்கு" என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் நாம் பெறுவது படிக்கும் அனுமதிதான்.

#13 மௌனவாசகி | மார்ச் 4, மதியம் 2.30

இவ்வளவு பேசிவிட்டோமே, ஒரு பிரதி வாங்கிவிடலாம் என்று போனேன். பதிப்பகத்தின் பக்கத்தில் "இருப்பில் இல்லை" என்று இருக்கிறது. இரண்டு இணையக் கடைகளிலும் அதே பதில். மின்னூல் இல்லை. ஐயா, எங்கே வாங்குவது?

#14 நேரங்காட்டி | மார்ச் 4, மாலை 4.10

அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

500 பிரதி அடித்தார்கள். தீர்ந்து இரண்டு ஆண்டாகிவிட்டது. மறுபதிப்புக்குக் கேட்டால் "அடுத்த ஆண்டு" என்கிறார்கள். போன ஆண்டும் அதே பதில்தான். என் கையில் இருப்பது ஒரே பிரதி. அதையும் தர மாட்டேன்.

#15 விதைப்பவன் | மார்ச் 4, மாலை 4.14

அப்படியானால் இன்றைக்கு அந்தப் புத்தகம் உலகத்தில் படிக்கக் கிடைப்பது எங்கள் புண்ணியத்தில்தான். வெள்ளிமுள் எங்கே வாங்கியிருப்பார்? இது விலைச் சிக்கல் அல்ல, சேவைச் சிக்கல். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் எத்தனையோ ஆண்டுக்கு முன் சொன்னது இது.

#16 உட்பிரிவு | மார்ச் 4, மாலை 5.00

கடை மூடியிருக்கிறது என்றால் பூட்டை உடைக்கலாம் என்று ஆகாது. அந்த மூட்டையில் உள்ள மற்ற 400 நூல்களும் அச்சில் இல்லாதவையா? இந்த மாதம் வெளியான நூல் அதில் ஒன்றுகூட இல்லையா? நேர்மையாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

#17 விதைப்பவன் | மார்ச் 4, மாலை 5.31

இருக்கின்றன. சில.

#18 கணுவலை | மார்ச் 4, இரவு 8.20

இந்த இடத்தில் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. இரு தரப்பும் இதைத் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுவார்கள். ஐரோப்பிய ஆணையம் 3,60,000 யூரோ கொடுத்துச் செய்யச் சொன்னது. 2015-இல் முடிந்த அறிக்கை மேசையிலேயே தூங்கியது. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் யூலியா ரேடா கேட்டுப் பெற்றபின், 2017-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. திருட்டுப் பிரதியால் விற்பனை குறைகிறது என்பதற்குப் பொதுவாக உறுதியான புள்ளியியல் சான்று கிடைக்கவில்லை என்றது அது. ஒரே விதிவிலக்கு புதிய வெற்றிப் படங்கள்: பத்து முறை திருட்டுத்தனமாகப் பார்த்தால், நேர்வழியில் பார்ப்பது நான்கு முறை குறைகிறது.

விதைப்பவன் இதைப் பிடித்துக்கொண்டு குதிக்கும் முன்: "சான்று கிடைக்கவில்லை" என்பதற்குப் "பாதிப்பு இல்லை" என்று பொருள் அல்ல என்பதையும் அந்த அறிக்கையே சொல்கிறது. பிழை விளிம்பு அவ்வளவு பெரியது.

#19 பூட்டுச்சாவி | மார்ச் 5, காலை 7.00

ஒழுக்கம், சட்டம் எல்லாம் பேசுங்கள். எனக்குத் தெரிந்தது கணினிப் பாதுகாப்பு மட்டும். என்னிடம் சுத்தம் செய்ய வரும் கணினிகளில் "இலவச" மென்பொருள் புகுந்த கதைதான் அடிக்கடி. கோப்பின் பெயர் பிடிஎஃப் என்று முடிந்திருக்கும். அதற்குப் பின்னால் இயங்கும் நிரலுக்கான இன்னொரு நீட்சி இருக்கும். விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்தே காட்டும். விளையாட்டு, படத்தொகுப்பு மென்பொருள் என்றால் கூடவே ஒரு குறிப்பு: "வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவவும்." திருடன் வரும்போது நாயைக் கட்டிப்போடச் சொல்லிக் கடிதம் எழுதுகிறான், நாமும் கட்டிப்போடுகிறோம். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் அன்றே போய்விடும். ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

#20 ஒலித்தடம் | மார்ச் 5, காலை 9.15

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. 24 பாட்டுக்கு ஒருத்தியை மூன்று முறை கூண்டில் ஏற்றினார்கள். இவர்கள் திருட்டு நூலகங்களிலிருந்து லட்சக்கணக்கில் இறக்கினார்கள்.

#21 உட்பிரிவு | மார்ச் 5, காலை 9.50

அவர்களும் கூண்டில்தான் நிற்கிறார்கள். ஆந்த்ரோபிக் மேல் எழுத்தாளர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்: நூல்களைக் கொண்டு மாதிரியைப் பயிற்றுவித்தது நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்பது), திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கி நூலகமாகச் சேர்த்து வைத்தது அப்படி அல்ல. அதன் பின் 150 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். சுமார் ஐந்து லட்சம் நூல், நூலுக்கு ஏறக்குறைய 3,000 டாலர். ஒரு பாட்டுக்கு 9,250 டாலர் என்று அந்தப் பெண்மணிக்குப் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் உறுத்துகிறது.

#22 மட்டுறுத்துநர் | மார்ச் 5, காலை 11.00

புதிய உறுப்பினர் ஒருவர் "எல்லோருக்கும் உதவட்டும்" என்று மேற்படி புத்தகத்தின் இணைப்பை இங்கேயே, ஆசிரியரின் இழையிலேயே போட்டார். நீக்கிவிட்டேன். அவரையும்.

#23 நேரங்காட்டி | மார்ச் 9, காலை 6.30

ஒப்பந்தம் கிடைத்தது. பழைய ரசீதுகளுக்கு நடுவே இருந்தது. எட்டாவது பத்தியில், "இந்நூலின் மீதான அனைத்து உரிமைகளும் அனைத்து வடிவங்களிலும்" பதிப்பகத்துக்கு என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. அழகாகப் போட்டிருக்கிறேன்.

உட்பிரிவுக்கு ஒரு கேள்வி. திருத்திய பக்கத்தோடு புத்தகத்தை நானே இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டால்?

#24 உட்பிரிவு | மார்ச் 9, காலை 8.05

நீங்கள் எழுதியிருக்கும் வாசகத்தை வைத்துப் பார்த்தால், விதைப்பவன் செய்வதையே நீங்களும் செய்ததாக ஆகும். முழு ஒப்பந்தத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள். அச்சில் இல்லாமல் இத்தனை காலம் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் என்ற பத்தி சில ஒப்பந்தங்களில் இருக்கும். தேடிப் பாருங்கள்.

#25 நேரங்காட்டி | மார்ச் 9, காலை 8.20

இல்லை. இரண்டு முறை படித்தேன்.

#26 பழையஏடு | மார்ச் 9, காலை 10.10

பிரதி வெளியே போனது யார் வழியாக என்று கண்டுபிடித்தீர்களா ஐயா? படத்துறையில் முன்னோட்டப் பிரதிகளில் ஆளுக்கொரு மறைகுறி வைத்து அனுப்புவார்கள். எது கசிந்தாலும் யாருடையது என்று தெரிந்துவிடும்.

#27 நேரங்காட்டி | மார்ச் 9, மாலை 6.00

நால்வருக்கும் ஒரே கோப்புதான் அனுப்பினேன். மறைகுறி வைக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வைத்திருக்க மாட்டேன். நால்வரில் ஒருவர் போன ஆண்டு இறந்துவிட்டார். எனக்கு முதன்முதலில் இடுக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். விசாரிக்கப் போய் அவர் பெயர் வந்து நின்றால் என்ன செய்வது? யார் என்று கேட்கப்போவதில்லை.

#28 நேரங்காட்டி | மார்ச் 20, காலை 7.10

நிலவரம். உரிமையாளர் பதிப்பகம் என்பதால் அவர்களையே நீக்கல் கோரிக்கை அனுப்ப வைத்தேன். நான்கு நாளில் சேனல் மறைந்தது. ஆறாம் நாள் அதே பெயருக்குப் பின்னால் 2 என்று போட்டு வந்துவிட்டது, அதே நன்றிகளோடு. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

மின்னூலாவது போடுங்கள் என்று அவர்கள் அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்தேன். சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

#29 வெள்ளிமுள் | மார்ச் 22, இரவு 9.30

ஐயா, படிகாரம் வேலை செய்தது. 19 மணி நேரம். தண்டு கரைந்து, ஓட்டை வழியாக மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. மரையில் ஒரு கீறல்கூட இல்லை. மின்னூல் வந்ததும் முதல் ஆளாக வாங்குவேன்.

#30 விதைப்பவன் | மார்ச் 22, இரவு 10.05

நானும். விதைப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், இந்த ஒரு நூலை மட்டும் விலக்கி வைத்திருக்கிறேன். நான் ஒருவன் விலகியதால் மூட்டைக்கு ஒன்றும் ஆகாது, கணுவலை சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

#31 மௌனவாசகி | மே 11, மாலை 5.20

மின்னூல் வந்துவிட்டது! வாங்கி இறக்கியதும் நேராகப் பக்கம் 143-க்குப் போனேன்.

ஐயா, "இடஞ்சுழியாக" என்று இருக்கிறது.

#32 வெள்ளிமுள் | மே 11, மாலை 5.41

என் பிரதியிலும் அப்படித்தான்.

#33 கணுவலை | மே 11, மாலை 6.30

நானும் வாங்கினேன். அட்டையும் உரிமைப் பக்கமும் புதியவை. மற்றப் பக்கங்களை டோரண்டில் இருந்த கோப்போடு ஒப்பிட்டேன். பக்கம் 88-இன் ஓரத்தில் அதே மங்கல், 120-இல் அதே கோணல்.

#34 நேரங்காட்டி | மே 12, காலை 6.15

தொலைபேசியில் கேட்டேன். அச்சுக்குப் போன கோப்பு இருந்த கணினி போன ஆண்டு கெட்டுவிட்டதாம். "கவலைப்படாதீர்கள், இணையத்தில் நல்ல பிரதி ஒன்று கிடைத்தது, அதை வைத்தே முடித்துவிட்டோம்" என்றார் அந்தப் பையன். பெருமையாகத்தான் சொன்னான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்துவிட்டது.

திருத்த ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை: பக்கம் 143, மேலிருந்து ஏழாவது வரி, வலஞ்சுழியாக. காசு கொடுத்து வாங்கியவர்களும் குறித்துக்கொள்ளுங்கள், மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.